என் பிள்ளைமேல் பலகை மாட்டாதீர்கள்

மார்ச் 3, திங்கள்

ஏழு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாவது மாடியோடு நின்றுவிட்டது. ‘பழுது, ஏறாதீர்கள்’ பலகையை மாட்டிவிட்டு வேலை பார்த்தேன். கதவுச் சக்கரம் தேய்ந்திருந்தது. மாற்றி முடித்து, பலகையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வீட்டில் நல்ல செய்தி. இன்னும் பெயர் வைக்காத எங்கள் பையன் பாப்பாவின் உதட்டுப் பிளவைத் தைக்க டாக்டர் 21ஆம் தேதி கொடுத்துவிட்டார். நான்கு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தோம்.

மாலையில் சபை மூப்பர் வந்தார். பாப்பாவின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டிருந்தோம். அவர் கொண்டுவந்ததோ ஒரு படிவம். தகப்பன் பாவம், பாட்டன் பாவம் என்று கட்டம் கட்டமாக.

“இதெல்லாம் சும்மா வராது தம்பி. மேல இருந்து இறங்குற சாபம். எழுதி அறிக்கை பண்ணி, உபவாசம் இருந்து முறிச்சிட்டு, அப்புறமா ஆபரேஷன் வச்சுக்கங்க. இல்லைன்னா தையல் நிக்காது.”

பைபிளில் மோசே சாபங்களைச் சொல்லும் அதிகாரத்தைத் திறந்து காட்டினார். ஆசீர்வாதம் கொஞ்சம், சாபம் பக்கம் பக்கமாக. தேதி மாறாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 4

கட்டமாம். கட்டம்.

மார்ச் 6

மனைவி தேதியைத் தள்ளிப்போடச் சொல்கிறாள். “ஒருவேளை நிஜமா இருந்தா என்னங்க பண்றது? எழுதிக் குடுத்தா உங்களுக்கு என்ன கொறைஞ்சு போயிடும்?”

பாதிப் பால் உதட்டோரம் வழிந்துவிடுகிறது. துடைத்துத் துடைத்து இவள் கையே சிவந்துவிட்டது. இவளிடம் போய்க் கத்தினேன். மடையன் நான்.

மார்ச் 9, ஞாயிறு

இவள் நிம்மதிக்காகப் படிவத்தை எடுத்தேன். ‘தகப்பன்’ என்ற கட்டத்தில் எழுத ஆரம்பித்தேன். குடித்தார். அம்மாவை அடித்தார். நான் எட்டாவது படிக்கும்போது என் கையை முறித்தார். கட்டம் போதவில்லை, தாளைத் திருப்பினேன். என்ன ருசியாக எழுதினேன், கடவுளே. அவர் சாகக் கிடந்தபோது அக்கா போன் செய்தாள். “அந்த ஆள் நாசமாப் போகட்டும்” என்று சொல்லிப் போனை வைத்தேனே, அதை மட்டும் எழுதவில்லை.

அப்புறம்தான் தாளின் தலைப்பைப் பார்த்தேன். ‘குழந்தையின் பெயர்’ என்று இருந்தது. வெறும் கோடு. அதற்குக் கீழேதான் இவ்வளவையும் கொட்டியிருக்கிறேன்.

சாபத்தையெல்லாம் தன்மேல் போட்டுக்கொண்டு ஒருவர் சிலுவை மரத்தில் தொங்கினார் என்றுதானே ஞாயிறு தவறாமல் பாடுகிறோம்? அது உண்மையானால் என் பிள்ளைமேல் ஒன்றும் இல்லை.

அப்படியானால் அந்த ஆள்மேலும்—

இல்லை. அவருக்குமா? எனக்குப் பிடிக்கவில்லை. சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் எனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் என்றால் அது கிருபையா?

தாளைக் கிழித்தேன்.

மார்ச் 12

மூப்பரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். “ஐயா, பழுது பாத்து முடிச்சதும் நான் பலகையைக் கழட்டிடுவேன். கழட்டாம விட்டா நல்லா ஓடுற லிஃப்ட்ல யாருமே ஏற மாட்டாங்க. சாபத்தை முறிக்கிற வேலை சிலுவையிலயே முடிஞ்சுது. நீங்க திரும்பவும் என் பிள்ளை கழுத்துல பலகை மாட்டுறீங்க.”

“கிருபை கிருபைன்னு பயமே விட்டுப்போச்சு உங்களுக்கு. படிவம் வராம ஆசீர்வாத ஜெபம் கிடையாது தம்பி.”

“அப்ப வேணாங்கய்யா.”

வெளியே வந்து செருப்பை மாட்டினேன். பதினோரு வருடமாக எங்களுக்கு அந்தச் சபைதான்.

மார்ச் 20

வேலையிலிருந்து வந்து நேரே பாப்பாவின் தலையில் கை வைத்தேன். “கையைக் கழுவிட்டு வாங்க, கிரீஸு” என்றாள் இவள். கழுவிவிட்டு வந்தேன். பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை. போகும்போதும் வரும்போதும் ஆசீர்வாதமாக இரு, ஏறும்போதும் இறங்கும்போதும் ஆசீர்வாதமாக இரு என்றேன். என் கைமேல் இவளும் கை வைத்தாள்.

மார்ச் 21

இரண்டு மணி நேரம். முடிந்தது. தூங்குகிறான்.

மார்ச் 24

ஒரு தையல் விட்டுவிட்டது.

காலையில் உதட்டில் ரத்தத்தைப் பார்த்தேன். எனக்கு, இத்தனை வாய் பேசிய எனக்கு, முதலில் நினைவு வந்தது மூப்பரின் முகம்தான். இவள் பாப்பாவின் கையைப் பிடித்து விரலைப் பார்த்தாள். நகத்தில் நூல்.

“சாபமும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவன்தான் பிச்சிருக்கான். கையுறை போட மறந்தது நான். வண்டியை எடுங்க.”

இவளா இப்படிப் பேசியது!

டாக்டர் மறுபடி ஒரு தையல் போட்டார். தழும்பு கொஞ்சம் கோணலாக நிற்குமாம். நிற்கட்டும்.

மார்ச் 31

தையல் பிரித்தார்கள். கோணல்தான், ஆனால் ஒரு சொட்டுப் பால் வழியவில்லை.

நர்ஸ் அட்டையை நீட்டினார். “இன்னும் பாப்பான்னே இருக்கு. பேர் வைக்கலையா?”

இவள் என்னைப் பார்த்தாள். என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். வாயில் வந்து பல வருடமாகியிருந்த பெயர், முதல் தடவை நர்ஸுக்குக் காதில் விழவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.