இருபதாவது பேரு

அடி கோவக்காரி,

பள்ளிக்கூடம் இல்லாத தீவுக்குப் பேத்திய அனுப்பமாட்டேன்னு மெயின்லேண்டுல இருந்து எழுதினியே, இப்ப நம்ம லாங் ஐலண்டுக்கும் பள்ளிக்கூடம் வந்தாச்சு!

மாஸ்டர் தாய் தகப்பன்களக் கூட்டி வச்சு ஹிந்தியில விளக்குனாரு. அதத் தமிழ்ல எடுத்துச் சொல்ல என்னைய முன்னால நிறுத்துனாங்க. பாதிதான் புரிஞ்சுது, மீதிய நானே சேத்துக்கிட்டேன். இருபது பிள்ளை இருந்தாத்தான் தமிழ் வகுப்பாம். பத்தொம்பதுல நின்னுபோச்சு. "ஏன் பெரியவரே, உம்ம பேத்தி எங்க?"ன்னு கேட்டா பக்கத்து வீட்டு கஸ்பார் பொஞ்சாதி. "அடுத்த கப்பல்ல வாரா"ன்னுட்டேன். இருபதாவதா நம்ம ஜெசிந்தா பேர எழுதிட்டாங்க.

செஞ்சது சரியா தப்பா, ஒண்ணும் விளங்கல. அவ வரலன்னா வகுப்பு கிடையாது. உன்னைய நான் வரச் சொல்லல. ஆனா ஆறு வயசுப் பிள்ளை தனியா எப்படிக் கப்பலேறும்?

நீ புறப்பட்ட அன்னைக்குக் கப்பல் துறையில "இங்கேயே இருடி"ன்னு சொல்ல வாயெடுத்தேன். முடிக்குமுன்ன விறுவிறுன்னு போயிட்ட.

உன் கிழவன்