ஏலக்காய் டப்பாவில் மிச்சம்

நாள் 112, காலை 7.00
சரக்குக் கலம் 'நெய்தல்', செவ்வாய்ப் பாதை. எழுதுபவன் ரூபன், வயது பதினாறு. கலத்தில் நானும் அப்பாவும் மட்டும். ஓட்டுநர், இன்ஜினியர், சமையல்காரர் எல்லாம் அவரே. நான் சரக்கில் சேர்த்தி. தகடு கிழித்த அவர் கை சீழ் பிடித்ததால் கலக் குறிப்பு எழுதும் வேலை என் தலையில். இரண்டு நாள் மாத்திரையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. காற்று சரி. தண்ணீர் சரி. அப்பா ஏறக்குறைய சரி.

நாள் 115, மாலை 4.20
காய்ச்சல் திரும்பிவிட்டது. இறங்கியதுமே மாத்திரையை நிறுத்தி, மீதியை ஏலக்காய் டப்பாவில் போட்டிருக்கிறார் மனிதர்! எங்கள் குடும்ப வழக்கம்: தேய்ந்த சோப்பைக்கூடப் புதுச் சோப்பில் ஒட்டுவோம். டப்பாவைத் திறந்து மறுபடி கொடுக்கிறேன்.

நாள் 118, காலை 9.40
காய்ச்சல் அசையவில்லை. செவ்வாய் நிலைய டாக்டர் இசக்கியம்மாள் ரேடியோவில் சொன்னபடி, கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டுகளில் நேற்றே சீழைத் தடவி நடுவில் மாத்திரை வைத்தேன். மாத்திரை தொடங்குமுன் எடுத்துவைத்த சீழில் மாத்திரையைச் சுற்றிக் கிருமியில்லாத வெற்று வட்டம். புதுச் சீழில் வட்டமே இல்லை. கிருமிகள் மாத்திரையை ஒட்டி, முதல் பந்திக்கு வந்த மாமாக்கள் போல உட்கார்ந்திருக்கின்றன.

தட்டுகளைப் பற்றிச் சொன்னதும் டாக்டர்:
"ஏல ரூபா, மாத்திர ஒண்ணும் அதுகளுக்குப் பாடம் நடத்தலல. கோடிக்கணக்குல பெருகயில மரபணு தானாப் பிசகும். பிசகுனதுல ஒண்ணு மருந்த அரகொறயாத் தாங்கிருக்கு. விடாமப் போட்டிருந்தா அதும் செத்திருக்கும். உங்கப்பா நிறுத்துனாரு, அது பெருகிச்சு, இன்னொண்ணு பிசகிச்சு. இப்ப அதுக்கு இது மிட்டாய். வேற மருந்து எங்கிட்ட இருக்குல, ஒங்கிட்ட இல்லியே!"

நிலையம் போய்ச் சேர இன்னும் இருபது நாள். மருந்துப் பெட்டியில் கிருமிக்கொல்லி இந்த ஒரே வகைதான். எடை மிச்சம் பிடித்தார்களாம். கம்பெனியும் எங்கள் சொந்தம் போலிருக்கிறது.

நாள் 120
பெட்டியை உதைத்தேன். பெட்டிக்கு ஒன்றுமில்லை. அப்பா என்னைத் தாத்தா பெயரில் கூப்பிடுகிறார். கேலி செய்ய வரவில்லை.

நாள் 122, நேரம் பார்க்கவில்லை
அப்பாவின் கட்டு மாற்றும்போது, அவர் சீழில் பட்ட அதே கத்தரி என் விரலைக் குத்தியது. வீங்கிவிட்டது. மறைத்தேன், பார்த்துவிட்டார். படுக்கையிலிருந்து இன்டர்காமில் அவர் குரல், எத்தனையோ நாளுக்குப் பிறகு தெளிவாக, சந்தோஷமாக:

"ரூபா, அந்த ஏலக்காய் டப்பாவ எடுய்யா. நேத்தே நாம் மாத்திர சாப்பிடுறத நிறுத்திட்டேன். ஆறு மாத்திர இருக்கு. பாத்தியா, மிச்சம் வச்சது ஒனக்கு ஆச்சு."