சிவப்புக் கண்ணி

மச்சான்,

காலையில் ஜீப்பின் கொக்கிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலியைத் துடைத்தபோது நீ சிவப்புப் பெயின்ட் அடித்த அந்தக் கண்ணி கையில் வந்தது. உன் படகுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

சவுதியில் முதலாளி குடும்பத்தின், கட்டிலும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டியைக் காருக்குப் பின்னால் மாட்டிப் பாலைவனத்துக்கு இழுத்துப் போன கதையைச் சொன்னால், "போதும்டா உன் புராணம்" என்பாய். முதுகில் கட்டி வந்து, பஸ்ஸில் உட்கார முடியாமல், லாட்ஜ் படி ஏற முடியாமல் ஆன பிறகு அதே கதையை நீயாகவே கேட்டாய்.

"எனக்கும் அதுமாதிரி ஒண்ணு செஞ்சு குடுறா. பொறந்ததுலேர்ந்து கடலையே பாத்து அலுத்துப் போச்சு. போறதுக்குள்ள ஒரு மலைய பாத்துடறேன்."

"கல்வராயன்மலை போறோம், இன்ஷா அல்லா" என்றேன்.

பட்டறையில் சொல்லி இரண்டு கட்டில் கொள்கிற சின்ன வண்டி ஒன்று செய்தோம். சிதம்பரத்துக்கு ஒரு நடை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். நீ ஜீப்பின் பின் சீட்டில் ஒருக்களித்துப் படுத்திருந்தாய். ஆலப்பாக்கம் தாண்டியதும் வண்டி பின்னால் வாலாட்ட ஆரம்பித்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால் கேஸ் சிலிண்டர், அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் வண்டியின் கடைசியில்!

"யாருடா இப்படி அடுக்குனது?"

"நான்தான் ஏத்தச் சொன்னேன். பின்னாடி பாரம் இருந்தாத்தான மூக்கு தூக்கும், அலையில ஏறும்?"

"அலையா? இது ரோடுடா!"

வலியோடு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சாமானையெல்லாம் முன்னால் மாற்றினேன். இப்போது ஜீப்பின் பின்பக்கம் அழுந்தி, முன்சக்கரம் லேசாகிவிட்டது. கொக்கியின் இரண்டு பக்கமும் இருக்கும் ஸ்பிரிங் கம்பிகளைச் சங்கிலியால் இன்னும் ஒரு கண்ணி இறுக்கி மாட்டினேன். பாரத்தில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்குப் போனது. ஜீப் சமமாக நின்றது. சிதம்பரம் வரை ஓர் ஆட்டமில்லை. கீழ வீதியில் காபி வாங்கி வந்து கொடுத்தேன். "தூங்கிட்டேன்டா" என்றாய். வலி வந்த பிறகு பகலில் நீ தூங்கிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் பெயின்ட் டப்பாவோடு வந்து நின்றாய். "நான் படுத்திருந்தா இந்தக் கண்ணி. மறந்து தொலைக்காத."

அடுத்த வாரம் மலை என்று பேச்சு. புயல் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் போகலாம், விட்டதும் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மழை விட்டது, நீ இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் உன்மேல்தான் கோபப்படுகிறேன். ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா, பாவி?

நேற்று தங்கச்சி வந்தது. "அண்ணே, அந்த மலைய நானாவது பாத்துட்டு வந்து அவரு படத்துக்கிட்ட சொல்றேன்" என்றது. உன் பெண்டாட்டி என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. எப்படி மாட்டேன் என்பேன்?

இன்று கிளம்புகிறோம். தங்கச்சி முன் சீட்டில். பின் சீட் காலி என்பதால் சங்கிலியை ஒரு கண்ணி தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் ஜாஸ்தி அழுந்தும். தளர்த்தக் கை வரவில்லை. நான் நிற்பதைப் பார்த்து, "என்னாண்ணே?" என்றது. சொன்னேன். உள்ளே போய்த் தண்ணீர் கேன்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பின் சீட்டில் அடுக்கியது. "அவரு கடைசியில எளச்சிதான் போயிருந்தாரு. இது போதும்ல?"

போதும் என்றேன். சிவப்புக் கண்ணியிலேயே மாட்டினேன். ஜீப் அன்றைக்குப் போலவே சமமாக நின்றது.

உன் முதுகு அதிரக் கூடாதென்று பழகிய கை, மச்சான். பின் கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.