புல் அசையாமல் நின்ற நேரம்

தாயி,

பரணிலிருந்து உன் நோட்டை இறக்கியதும் புகை வாசம் அடித்தது. என் வீட்டு அடுப்புப் புகைதான். பூச்சி அரிக்காமல் இருக்க விதைச் சோளத்தை அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம். ஆறு வருஷமாக உன் நோட்டும் அதனோடுதான் இருந்தது. முந்தாநாள் அதை நானே வாசித்து முடித்தேன். எழுபது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன். இந்த மடலை எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. ஒவ்வொரு எழுத்தும் சந்தோஷமாக இருக்கிறது, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்.

தாண்டிக்குடிக்கு ஜீப்பில் வந்து இறங்கிய அன்று, தண்ணீர், மண், நெருப்பு, காற்று நான்கையும் படம் பிடிக்க வந்ததாகச் சொன்னாய். கதை இல்லை, ஆள் இல்லை. கேமராவைத் தரையில் வைத்துவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருப்பாய். கொடைக்கானலில் ஒரு கூடத்தில் தண்ணீரைத் திரையில் காட்டினாய். ஓடை பெருகி ஒரே ஒரு பாறையை ஒரு மணி நேரமாக முழுங்கியது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது.

மண்ணும் நெருப்பும் கூட முடிந்தன. காற்று மட்டும் மிச்சம்.

"காத்தப் புடிச்சு எந்தப் பானையில போட்டு மூடப் போற, தாயி?"

"இந்தப் பெட்டிக்குள்ளதான் தாத்தா. நீங்க மூடி மட்டும் குடுங்க."

என் வேட்டி மடியில் எப்போதும் கொஞ்சம் சாம்பல் இருக்கும். ஒரு சிட்டிகை விட்டால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். அதை உனக்குக் காட்டினேன். ஆனால் புல்மேட்டில் நின்றுகொண்டு நெருப்பின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது திரும்பிப் பார்க்கும். அதன் குணத்தைப் பற்றிய பேச்செல்லாம் வீட்டு அடுப்படியில்தான். எங்கள் வழக்கம் அது.

காற்றைப் படம் பிடிக்கப் புல்மேட்டுக்குப் போன அன்று மத்தியானம் எதிர்ச் சரிவு எரிந்துகொண்டிருந்தது. நெருப்புக்கு முன்னால் ஓடும் காற்று வேண்டும் என்றாய். முந்தின நாள் எரிந்து கரியான நிலம் நமக்குப் பின்னால் இருந்தது. எரிந்த நிலம் மறுபடி எரியாது. அந்தத் தைரியத்தில் நான் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்க இறங்கினேன். ஏறி வரும்போது புல் நின்றுவிட்டது. ஒரு தாள் கூட அசையவில்லை. பூச்சிச் சத்தமும் நின்றது. பிறகு காற்று மறுபக்கமிருந்து நெருப்பையும் கூட்டிக்கொண்டு வந்தது.

புகை விலகியபோது கேமராவின் காலடியில் கிடந்தாய். கரி நிலம் பத்தடி தள்ளித்தான் இருந்தது.

உன் அண்ணன் வந்தார். "அந்தப் பிள்ளைக்கு நீங்க சொல்லி வைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். அடுப்படியில் எத்தனையோ பேசினோம், இதைச் சொன்னேனா? என் வீட்டில் நீ விட்டுப்போன நோட்டை அவர் என்னிடமே கொடுத்துவிட்டார். அதை அடுத்தவர் வாசித்துச் சொல்ல எனக்குப் பயம். பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்காலம் வகுப்பு வைத்தபோது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

எழுதியிருக்கிறாய். "புல் அசையாமல் நின்றால் கேட்காதே, கரி நிலத்துக்கு ஓடு. தாத்தா சொன்னது." வாசித்ததும் கைதட்டினேன் தாயி, தனியாக உட்கார்ந்து. சொல்லியிருக்கிறேன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி. எழுத்துக் கூட்ட வெகு நேரம் ஆனது.

"அந்த நேரத்தில்தான் காற்றின் முகம் தெரியும்."

தெரிந்தே நின்றாயா? அந்த முகத்தைப் பார்த்தாயா? இனி யாரிடம் கேட்பேன்.

இதுவரை எழுதிவிட்டு வாசலுக்குப் போனேன். எதிர்ச் சரிவில் புகை. மடியிலிருந்த சாம்பலை ஒரு சிட்டிகை விட்டேன். அது நேராக என் காலில் விழுந்தது. புல்மேட்டில் நாலு பெண்கள் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பென்சிலை வைத்துவிட்டு மேலே போகிறேன், தாயி. இந்த முறை நெருப்பின் பெயரைச் சொல்லியே கத்துவேன். திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.