மண்டபத்து விதிகள்

பெங்களூர்,
9-5-1958

அன்புள்ள மகளுக்கு,

உன் திருமண வரவேற்புக்காகக் கன்டோன்மென்ட் பழைய மண்டபத்தை வாடகைக்குக் கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பம் என் மேஜைக்குத்தான் வந்தது. சென்ற தை மாதம் என்னை இந்த அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கமே வராத உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

விண்ணப்பத்தில் தகப்பனார் பெயரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க பேரே இருக்குதே!" என்றான் காவலாளி முனியப்பா.

"ஊர் பெருசுப்பா," என்றேன்.

ஜூன் எட்டு, ஞாயிறு பகல், உனக்கு ஒதுக்கியாயிற்று. உத்தரவு தனியே வரும். வெள்ளைக்காரன் கட்டிய கட்டடம். தேக்குத் தூண்களில் ஆணி அடிக்கக் கூடாது. உள்ளே அக்கினி வளர்க்கக் கூடாது. ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன். மழை பெய்தால் மேடையின் இடது மூலை ஒழுகும். இருவரும் வலப்பக்கம் தள்ளி உட்காருங்கள். மாப்பிள்ளை நனையக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. நிகழ்ச்சி முடியும்வரை அலுவலக ஆள் ஒருவர் மண்டபத்தில் இருந்தாக வேண்டும். அன்றைக்கு என் பெயரையே எழுதிவிட்டேன். அழைப்பிதழ் எதுவும் அனுப்ப வேண்டாம். சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்றுகொள்வேன்.

அம்மாவிடம் சொன்னேன். தினமும் எனக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவருவது கூலி ஆள்தான். உன் வரவேற்பு அன்று மட்டும் தானே கொண்டுவருவதாக இன்று காலையில் சொன்னாள். பெட்டியிலிருந்து அரக்குப் பட்டுப் புடவையை எடுத்துக் கொடியில் காற்றாடப் போட்டிருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அப்பா