சிவப்பு வயிறு, நீல வயிறு

மார்ச் 4, திங்கள்

காலை முழுக்க ஈ வயிறு பார்த்தேன். கொரியாவில் இந்தத் தேஜோன் ஆய்வகத்துக்கு வந்த ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. பட்டினி போட்ட பழ ஈக்களுக்கு இரண்டு உணவு வைப்போம், ஒன்றில் சிவப்புச் சாயம், மற்றதில் நீலம். பிறகு அவற்றை உறைய வைத்து, எந்த ஈ எதைத் தின்றது என்று வயிற்று நிறத்தைப் பார்த்து எண்ண வேண்டும்.

மதியம் ஆய்வகக் கூட்டம். போராம் பேசினாள். வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவள் வைத்தது இரண்டு சர்க்கரை. நாக்குக்கு இரண்டும் ஒரே இனிப்பு. ஆனால் ஒன்று உடம்பில் எரியும், மற்றது அப்படியே வெளியே போய்விடும். பசித்த ஈ கொஞ்ச நேரத்தில் ஏமாற்று இனிப்பை விட்டுவிட்டு நிஜச் சர்க்கரைக்கு வந்துவிடும். ஈ மூளையில் ஆறே ஆறு செல்களை அவள் வேலை செய்யாமல் அடக்கிவிட்டாள். ஈக்களுக்கு எது சோறு, எது ஏமாற்று என்று தெரியாமல் போய்விட்டது. உடம்புக்குள் சத்து ஏறியதா என்று பார்ப்பது நாக்கு இல்லை, அந்த ஆறு செல்கள்.

ஆய்வகத் தலைவர் குவோன் சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். நான் பேசும்போது அவர் உட்கார்ந்தபடிதான் பார்ப்பார்.

மார்ச் 5

எனக்குப் பொறாமை இல்லை.

மார்ச் 6

இருக்கிறது.

மார்ச் 8, வெள்ளி

ஆய்வகத்தோடு சாப்பிடப் போனோம். பன்றி இறைச்சி. மேஜை அடுப்பில் வேகும்போது கத்தரிக்கோலால் வெட்டிப் புரட்ட வேண்டியது இருப்பவர்களில் இளையவர். கத்தரிக்கோல் போராம் கையில்தான் இருந்தது. சார் அதை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"இன்னிக்கு அவ சாப்பிடட்டும். நீ கொஞ்சம் வெட்டும்மா, சுக்யங்."

முப்பத்துமூன்று வயதில், எல்லார் முன்னாலும். வெட்டினேன். சிரித்துக்கொண்டே வெட்டினேன். முதல் துண்டை சார் அவள் சோற்றின் மேல் வைத்தார். அப்புறம்தான் சொன்னார், ஜேஜு தீவு மாநாட்டில் இந்தத் தடவை போராம் பேசட்டும் என்று. நான்கு வருடமாக அது என் மேடை. நான் வேலைக்கு மனுப் போட்டிருக்கும் கல்லூரி ஆட்கள் அங்கேதான் வருவார்கள். ஈயைப் புரதம் தேட வைக்கும் செல்கள் பற்றிய என் கட்டுரையை அவர்கள் முன்னால் பேசலாம் என்று இருந்தேன். சாருக்கு இது தெரியாதா? தெரியும்.

வயிறு எரிந்தது. இறைச்சியால் இல்லை.

மார்ச் 12

பிடித்துவிட்டேன்!

போராமின் குறிப்பேடு மேஜையில் திறந்து கிடந்தது. பார்த்தேன், பார்த்தது தப்புதான். நிஜச் சர்க்கரை எப்போதும் நீலம், ஏமாற்று எப்போதும் சிவப்பு. ஒரு தடவைகூட நிறத்தை மாற்றிப் போடவில்லை. சாயத்துக்கும் ருசி உண்டு. ஈ குழம்பியது சர்க்கரையிலா சாயத்திலா என்று யார் சொல்வது?

சொல்ல மாட்டேன். ஜேஜுவில் யாராவது கேட்பார்கள். மேடையில் நின்று முழிக்கட்டும்.

இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன் இன்றைக்கு.

மார்ச் 14

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. காபி எடுக்கும்போது போராமிடம் சாதாரணமாகக் கேட்பது போல, சாயத்தை ஏன் மாற்றிப் போடவில்லை என்று கேட்டேன்.

"உங்க பழைய நோட்டுல இருந்தபடியே செஞ்சேன்க்கா. எனக்கும் சந்தேகம் வந்துச்சு. ஆனா நீங்க செஞ்சு வச்சத மாத்தலாமான்னு உங்ககிட்டயே எப்படிக் கேக்குறது?"

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. இங்கே மூத்தவர் எழுதி வைத்ததை இளையவர் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

போய் என் நோட்டை எடுத்தேன். முதல் வருடப் பக்கம். ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: நிறம் மாற்றிப் போட வேண்டும். போடவில்லை. அப்போதும் இல்லை, அப்புறமும் இல்லை. போட்டுவிட்டதாகவே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். புரத உணவு எப்போதும் நீலம்.



மார்ச் 15

அவளுடைய ஈ, என் ஈ, இரண்டுக்கும் நிறத்தை மாற்றிப் போட ஆரம்பித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. அவளுடையது விழ வேண்டும் என்றுதான் செய்கிறேன். இங்கேயாவது உண்மை எழுதுகிறேனே.

மார்ச் 22, வெள்ளி

அவளுடையது நானூறு வயிறு எண்ணினேன். நம்பாமல் மறுபடி எண்ணினேன். அவள் முடிவு நிற்கிறது. சாயம் எதுவானாலும் அந்த ஈக்களுக்கு எது நிஜச் சர்க்கரை என்று தெரியவில்லை. சத்து பார்க்கும் செல்கள் அவைதான். சனியன், எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு.

என்னுடையது. புரதம் தேட வைக்கும் செல்கள் என்று நான் சொன்னவற்றைத் தூண்டினேன். ஈக்கள் புரதத்துக்குப் போகவில்லை. நீலத்துக்குப் போயின. நீலத்தில் இருந்தது வெறும் சர்க்கரை.

ஆறு வருடம். நீலச் சாயத்தைத் தேடிப் போன ஈக்கள்.

மார்ச் 25

நிறம் மாற்றி எண்ணிய அவள் கணக்கைப் போராமிடம் கொடுத்தேன். நீங்களே உட்கார்ந்து எண்ணினீர்களா என்று கேட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. என்னை நல்லவள் என்று நினைக்கிறாள். என்னுடைய கணக்கு இழுப்பறையில் இருக்கிறது. என் கட்டுரையை இந்த மாதமே அனுப்பச் சொல்லி சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார். அனுப்பினால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

ஏப்ரல் 19, ஜேஜு

போராம் நன்றாகப் பேசினாள். முன்வரிசையில் ஒரு பெரியவர் சாயத்தைப் பற்றிக் கேட்டார். அவள் அடுத்த படத்தைப் போட்டு, "மாத்திப் பாத்தாச்சு சார். எண்ணுனது எங்க சுக்யங் அக்கா," என்று என் பக்கம் கை காட்டினாள். கல்லூரி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தலை குனிந்து வணங்கினேன். வேறென்ன செய்ய?

சார் என் பக்கம் சாய்ந்தார். "நல்ல வேலை செஞ்ச. உன்னோடதும் மாத்திப் பாத்துட்டல்ல?"

"பாத்துட்டேன் சார். அது நிக்கல."

அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். கைதட்டல் வந்தபோது நானும் தட்டினேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கல்லூரி வேலைக்குப் போட்ட மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டேன். கட்டுரை இல்லை. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று அவள் சிரித்தபோதுகூட வந்தது.

காலையில் புது ஈக்களைப் பட்டினிக்குப் போட்டேன். உணவில் அவளே சாயம் கலந்து, குழாய்களுக்கு எண் மட்டும் ஒட்டித் தர முடியுமா என்று போராமிடம் போய்க் கேட்டேன். எந்தக் குழாயில் எந்த நிறத்தில் எந்த உணவு என்று நாளை எண்ணும்போது எனக்குத் தெரியாது. அவளுக்கு மட்டும்தான் தெரியும்.