பதினைந்தாவது மட்டை

உங்களுக்கு,

எனக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறைகூட என்னைக் கேட்காமல் எப்படி உங்களால் வாங்க முடிகிறது?

டிவியில் கோல்ஃப் வீராங்கனைகள் போடும் சட்டை, பிடிக்கும் மட்டை எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஒரு பையில் பதினான்கு மட்டைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது மட்டும் தெரியாது. போட்டியன்று என்னிடம் சொல்லாமல் என் பையில் இன்னொன்றைச் செருகிவிட்டீர்கள். இரண்டாவது குழியில் என்னோடு ஆடியவள்தான் கவனித்தாள். குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் வெற்றி; தண்டனையாக என் கணக்கில் நாலு அடி, நாலு ஸ்ட்ரோக், கூட்டினார்கள். மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை போனது. ஐம்பது வயதை நெருங்கும்போது முதல்முறையாகக் கைக்கு எட்டிய கோப்பை.

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு வெச்சேன். நான் வாங்கின சட்டையையாவது போட்டிருக்கலாம்ல?" என்றீர்கள்.

அது தோளில் பிடிக்கிறது. வெளுத்துப்போன என் சட்டையில்தான் கை தடையில்லாமல் சுழலும். அந்த வீராங்கனைகளுக்கு உடம்பை அளந்து தைக்கிறார்கள், உயரம் பார்த்து மட்டை செய்கிறார்கள். நீங்கள் என்னை எப்போது அளந்து பார்த்தீர்கள்?

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று அந்த மட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் சிரித்தார்.

"சார் காலையிலேயே வந்தாரும்மா. நீங்க வருத்தமா இருக்கீங்கன்னு இதைவிட நல்லதா ஒண்ணு எடுத்துட்டுப் போனார்."

மட்டையைக் கொடுத்துவிட்டு, என் பைக்கு ஒரு பூட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சாவி என்னிடம் இருக்கிறது.

உங்கள் மனைவி